வரவு செலவு நோட்டில் மூன்றாவது பத்தி

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம், நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் எல்லோருடைய சம்பளத்திலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். ஊரடங்குக் காலத்தில் வேலை போகாமல் இருப்பதே பெரிது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். மதுரை திருநகரில் என் தகப்பனார் கட்டிய சிறிய மாடி வீடு எங்களுக்கு இருந்ததால் வாடகைக் கவலை இல்லை. ஆனால் வீட்டில் அம்மா, மனைவி, அப்போது ஒன்பதாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் இருந்த மகன், மகள், நான் என்று ஐந்து பேர் இருந்தோம். மனைவி வீட்டிலேயே தையல் எந்திரம் வைத்து ரவிக்கை தைத்துக் கொடுத்து வந்தார். கல்யாணங்கள் நின்றுபோனதால் அந்த வருமானமும் அந்த ஆண்டு நின்றுபோயிருந்தது.

அன்றிரவு ஒரு நீளமான நோட்டை எடுத்து, பொருள், தொகை என்று இரண்டு பத்தி பிரித்துச் செலவு எழுத ஆரம்பித்தேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். அலுவலகத்தில் ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுகிறவன், சொந்த வீட்டில் மாதம் எவ்வளவு எண்ணெய் செலவாகிறது என்பதைக்கூட அறியாமல் பதினைந்து வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைக் கொடுத்தது. மூன்று மாதம் எதையும் குறைக்காமல் எழுதுவது மட்டும்தான் வேலை என்று வைத்துக்கொண்டோம். இதை நான் யாருக்கும் அழுத்திச் சொல்வேன். எழுதிப் பார்ப்பதற்கு முன்னால் குறைக்கத் தொடங்கினால், கண்ணில் படுகிற பூவையும் பிள்ளைகளின் தின்பண்டத்தையும்தான் குறைப்போம். கண்ணில் படாத பெரிய ஓட்டைகள் அப்படியே இருக்கும். எங்கள் நோட்டில் தின்பண்டம் ஒரு மூலையில்தான் இருந்தது. பெரிய தொகைகள் மின்சாரம், பொட்டலங்களில் வாங்கிய மசாலாப் பொடிகள், கடையில் வாங்கிய இட்லி மாவு, பழுதுக்கு ஆள் கூப்பிட்ட கூலி ஆகியவற்றில் இருந்தன.

மின்சாரக் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள் என்பதும் முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை, நானும் கவனித்ததில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட் வரை செலவழித்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆகிவிட்டால், 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4.50 என்று கணக்கு மாறிவிடுகிறது. 500க்கு மேற்பட்டதற்கு 8 ரூபாய். அந்த ஒரு யூனிட்டால் தொகை 1,958 ஆகிறது. அதாவது அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்.

அம்மாவுக்குக் கோடையில் தூக்கமே வராமல் உடம்பு கெட்டதால் 2022இல் அவருடைய அறைக்கு ஏசி வைத்திருந்தோம். 2023 கோடையில் எங்கள் கணக்கு 540 யூனிட் வந்து 2,270 ரூபாய் கட்டினோம். அதுவே 490இல் நின்றிருந்தால் 1,665 ரூபாய்தான். ஐம்பது யூனிட்டுக்கு 605 ரூபாய், யூனிட்டுக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று நோட்டில் எழுதியபோதுதான் எதைப் பிடித்தால் எது நிற்கும் என்பது தெளிவாயிற்று. அதன்பின் கட்டண விகிதங்கள் மாறியிருக்கின்றன. 500 என்ற எல்லை எங்களுக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

செய்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கணக்கெடுப்பவர் வந்துபோன தேதியையும் அன்றைய அளவையும் காலண்டரில் எழுதிவைத்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மகள் மீட்டரைப் பார்த்து அடுத்த எண்ணை எழுதுவாள். வாரத்துக்கு 56 யூனிட்டுக்குள் இருந்தால் இரண்டு மாதத்தில் 500ஐத் தாண்டாது. ஒரு வாரம் 70 வந்தால், அதற்குக் காரணம் என்ன என்று அன்றைக்கே பேசிக்கொள்வோம். இரண்டு மாதம் கழித்துத் தொகையைப் பார்த்துவிட்டு யாரையாவது கடிந்துகொள்வதைக் காட்டிலும் இது எவ்வளவோ நல்லது. ஏசியை 26இல் வைத்து அதனோடு மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டால் அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. வடிகட்டி வலையை மாதம் இரண்டு முறை கழற்றித் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுகிறோம்.

மின்விசிறி விஷயத்தில் ஒரு கணக்கு. எங்கள் வீட்டுப் பழைய மின்விசிறி ஒவ்வொன்றும் 75 வாட். பி.எல்.டி.சி. என்ற புதிய வகை ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் ஓடுகிற ஒரு மின்விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் 38 யூனிட் மிச்சமாகும். விலை 2,900 ரூபாய். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்று வைத்தாலும் போட்ட பணம் திரும்ப இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அதனால் வீட்டிலுள்ள ஐந்து மின்விசிறிகளையும் மாற்றவில்லை. கூடத்திலும் அம்மாவின் அறையிலும் இருந்த இரண்டை மட்டும் மாற்றினோம். சாமி அறையில் நாளுக்கு அரை மணி நேரம் சுழல்கிற மின்விசிறியை மாற்றினால் அந்தப் பணம் இந்தப் பிறவியில் திரும்பாது. கடைக்காரர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. நாம்தான் ஓடும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

மீட்டரை வாரா வாரம் பார்த்ததில் வேறொன்றும் பிடிபட்டது. மோட்டார் ஓடும் நேரம் கூடிக்கொண்டே போனது. மேல்தொட்டியில் காலையில் ஏற்றிய தண்ணீர் மாலைக்குள் இறங்கிவிட்டது. எந்தக் குழாயும் சொட்டவில்லை. எங்கள் தெருவில் குழாய் வேலை பார்க்கும் ஒரு பெரியவர் சொன்ன வழி இது: கழிப்பறையின் பிளஷ் தொட்டி மூடியைத் திறந்து, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பத்துச் சொட்டு விட்டு மூடிவிட்டுக் கால் மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். நாங்கள் போய்ப் பார்த்தபோது வெள்ளைப் பீங்கானின் உட்சுவரில் நூலளவுக்கு ஒரு நீலக் கோடு சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் வாசர் இறுகி ஓரம் சுருண்டிருந்தது. அறுபது ரூபாய்க்குப் புதியதை வாங்கி நானும் மகனுமாக மாட்டினோம். அந்த வேலைக்கு முன்பு ஆள் கூப்பிட்டு 400 ரூபாய் கொடுத்திருந்தேன் என்று பழைய பக்கங்களில் இருந்தது.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புகிற விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஆண்டில் எங்கள் சிக்கனம் கட்டுக்கடங்காமல் போயிற்று. இட்லி மாவு, குழம்புப் பொடி, இட்லிப் பொடி, வடகம், ஊறுகாய், நெய், துணிப்பை, தலையணை உறை, பாத்திரம் துலக்கும் பொடி என்று எதையெல்லாம் வீட்டில் செய்ய முடியுமோ அதையெல்லாம் வீட்டிலேயே செய்தோம். செய்தோம் என்று எழுதுகிறேன். உண்மையில் செய்தவர் என் மனைவி. அம்மா உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடியதைச் செய்து கொடுத்தார். நான் ஞாயிற்றுக்கிழமை இரவு நோட்டை விரித்து மாதம் 2,000 ரூபாய் மிச்சம் என்று கூட்டிப் பார்த்து மகிழ்ந்தேன்.

2021 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு பத்தரை மணி இருக்கும். தையல் வேலை மறுபடியும் வரத் தொடங்கியிருந்த நேரம். அன்று பகல் முழுவதும் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கை தைத்துவிட்டு, இரவில் கிரைண்டர் முன் உட்கார்ந்து உளுந்தை வழித்துக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. நான் நோட்டில் அந்த வாரக் கூட்டலை வாசித்துக் காட்டினேன். அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: “மாசம் ரெண்டாயிரம் மிச்சம்னு எழுதி வச்சிருக்கீங்க. என் தூக்கத்த எந்த வரியில எழுதுனீங்க?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் நோட்டில் மூன்றாவதாக ஒரு பத்தி கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பொருளை வீட்டில் செய்தால் எத்தனை மணி நேரம் ஆயிற்று, யார் செய்தார்கள் என்பதை அதில் எழுத வேண்டும். அந்தப் பத்தி வந்தபிறகு எங்கள் வீட்டுச் சிக்கனம் வேறாகிவிட்டது.

எடுத்துக்காட்டாகப் புளி. பங்குனியில் நத்தம் பக்கத்திலிருந்து வரும் புதுப்புளியைக் கொட்டையோடு வாங்கி, வெயிலில் காயவைத்து, ஓடும் நாரும் நீக்கி, அரிவாள்மனையில் பிளந்து கொட்டை எடுத்து, கல்லுப்புத் தூவிப் பானையில் அடைப்பது அம்மாவின் நெடுநாள் வழக்கம். அந்த ஆண்டு கிலோ 90 ரூபாய்க்குப் பத்துக் கிலோ வாங்கினோம். சுத்தம் செய்தபின் ஆறு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக நின்றது. அதாவது கிலோ 145 ரூபாய். கடையில் கொட்டை எடுத்த புளி 190. ஆக மொத்த மிச்சம் 280 ரூபாய்க்குள். இதற்கு நாங்கள் நான்கு பேர் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். இருபது மணி நேர உழைப்புக்கு 280 ரூபாய் என்றால் மணிக்குப் பதினான்கு ரூபாய். என் மனைவி அந்த ஐந்து மணி நேரத்தில் இரண்டு ரவிக்கை தைத்திருப்பார்.

குழம்புப் பொடிக் கணக்கு இதற்கு நேர்மாறு. மாசி பங்குனியில் புது வற்றல் வரும்போது கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் வாங்கினால் விலையும் இறங்கியிருக்கும், நிறமும் நன்றாக இருக்கும். அம்மாவின் அளவு இதுதான்: இரண்டு கிலோ மிளகாய் வற்றலுக்கு மூன்று கிலோ மல்லி, துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, சீரகம், மிளகு, விரலி மஞ்சள் ஆகியவை தலா 200 கிராம், வெந்தயம் 50 கிராம். எங்களுக்குப் பொருளும் அரைவைக் கூலியும் சேர்ந்து 1,300 ரூபாய். கிடைத்த பொடி ஐந்தரைக் கிலோவுக்கு மேல். பொட்டலத்தில் வாங்கினால் அப்போது கிலோ 450 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேர வேலைக்கு 1,200 ரூபாய் மிச்சம், அதாவது மணிக்கு 200. அதனால் புளி ஆய்வதை விட்டோம், பொடி அரைப்பதை வைத்துக்கொண்டோம். அம்மாவுக்கு மட்டும் இரண்டு கிலோ கொட்டைப் புளி இன்றும் வாங்கித் தருகிறோம். அது அவருக்கு வேலை இல்லை. பக்கத்து வீட்டு அம்மாக்களோடு திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே ஆய்வது அவருக்கு வேண்டியிருக்கிறது. அதற்கு நான் மணிக்கணக்குப் போடுவதில்லை.

பொடி அரைப்பதில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மிளகாயைக் கையில் எடுத்து ஒடித்தால் ‘படக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னொரு வெயில் வேண்டும். மில்லில் அரைத்து வாங்கும்போது பொடி கைபொறுக்காத சூட்டில் இருக்கும். முதல் ஆண்டு அந்தச் சூட்டோடு டப்பாவில் அடைத்துவிட்டோம். உள்ளே வியர்த்து மூன்றாம் மாதம் கட்டி கட்டியாகப் பூசணம் பிடித்தது. மேலே இருந்ததை எடுத்துவிட்டு அடியில் இருப்பதைப் பயன்படுத்தலாம் என்று நான் சொன்னேன். அம்மா, “ஏய்யா, பூத்ததத் திங்கக்கூடாது, கொட்டிப்புடு” என்று அவரே எடுத்துக் கொட்டிவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. பூசணத்தின் நஞ்சு கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை. சமைத்தாலும் முழுதாகப் போவதில்லை. இப்போது வீட்டுக்கு வந்ததும் செய்தித்தாளின் மேல் வெள்ளை வேட்டியை விரித்து அதில் பரப்பி, மாலை வரை ஆறவிட்டுத்தான் அடைக்கிறோம். ஒரு மாதத்துக்கு வேண்டியது மட்டும் வெளியே இருக்கும்; மீதி காற்றுப் புகாத எவர்சில்வர் தூக்கில்.

இட்லி மாவை நான் ஏற்றுக்கொண்டேன். கடையில் வாங்குவதைவிட வீட்டில் அரைப்பது மிகவும் மலிவு என்பதில் சந்தேகமில்லை. அது யார் தலையில் விழுகிறது என்பதுதான் சிக்கல். சனிக்கிழமை பிற்பகல் என் வேலை என்று வைத்துக்கொண்டோம். ரேஷன் புழுங்கல் அரிசி இரண்டு பங்கு, கடை இட்லி அரிசி இரண்டு பங்கு, முழு உளுந்து ஒரு பங்கு, ஒரு கரண்டி வெந்தயம். ரேஷன் அரிசி மட்டும் போட்டால் இட்லி ஆறியதும் இறுகிப்போகிறது. பாதிக்குப் பாதி கலந்தால் அந்தக் குறை தெரிவதில்லை. அரிசி ஐந்து மணி நேரம் ஊறும். உளுந்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதைக் குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரைத்தால் கல் சூடேறாமல் பந்துபோலப் பொங்கி வருகிறது. ஒரு துளி உளுந்து மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். முதல் நான்கு வாரம் என் மாவு சரியாகப் பொங்கவில்லை. அடுக்களையில் இருந்த பழைய உளுந்துதான் காரணம் என்று மனைவி சொல்லி, புது உளுந்து வாங்கிய பிறகு சரியாயிற்று. ஊறவைப்பதைத் தவிர்த்துப் பார்த்தால் ஒரு வாரத்துக்கான மாவுக்கு எனக்கு ஆகிற நேரம் ஒன்றேகால் மணி.

ரேஷன் கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடம் அரிசி அட்டை இருந்தும் பல வருடம் சர்க்கரை மட்டும்தான் வாங்கிவந்தோம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கே கிடைக்கிறது. வெளியில் அந்தப் பருப்பின் விலை என்ன என்பது குடும்பம் நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டது நான்தான். அந்தக் கூச்சத்துக்கு மாதா மாதம் பணம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அரசு மக்களுக்காக நடத்துகிற கடையில் நமக்கு உரிமையுள்ள பொருளை வாங்குவதில் எந்தக் குறைவும் இல்லை என்பதை இப்போது என் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். பருப்பு சில மாதம் வேகாமல் கடினமாக இருக்கும். ஒரு மணி நேரம் ஊறவைத்தால் வெந்துவிடுகிறது.

ஊறவைப்பதுதான் கேஸ் சிக்கனத்திலும் முதல் படி. 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு 28 நாள் வந்துகொண்டிருந்தது. இப்போது 38 நாள் வருகிறது. பருப்பும் பயறும் ஊறாமல் அடுப்பேறுவதில்லை. குளிர்பெட்டியில் இருந்து எடுத்த பாலும் மாவும் சற்று நேரம் வெளியே இருந்தபிறகுதான் சூடாகும். குக்கரில் முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்மில் வைத்துவிடுகிறோம். உள்ளே கொதிநிலைக்கு வந்தபின் பெரிய தீ வைத்தால் ஆவிதான் கூடுதலாக வெளியேறும், சோறு சீக்கிரம் வேகாது. தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளை அடைத்திருக்கிறது என்று பொருள்; ஆறியபின் கழற்றி ஊசியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்தால் நீலமாகிவிடும், பாத்திரத்தின் அடியில் கரியும் பிடிக்காது.

மகள் செய்த ஒரு பெட்டியும் இதில் சேரும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிவந்த தெர்மாகோல் பெட்டிக்குள் பழைய பருத்திப் புடவைகளை மடித்து அடுக்கி நடுவில் குழி வைத்திருக்கிறாள். இரவெல்லாம் ஊறிய கொண்டைக்கடலையைக் குக்கரில் வைத்து இரண்டு விசில் வந்ததும் இறக்கி, அந்தக் குழியில் வைத்து மேலேயும் புடவையால் மூடிவிட்டால், முக்கால் மணி நேரத்தில் தன் சூட்டிலேயே மெத்தென்று வெந்துவிடுகிறது. குக்கரின் அடிப்பாகம் தெர்மாகோலில் நேராகப் பட்டால் உருகிவிடும்; இடையில் நான்கு மடிப்புத் துணியாவது வேண்டும். அதேபோல் அதை இரவு முழுவதும் அப்படியே விடக்கூடாது. சூடு இறங்கி வெதுவெதுப்பாக நிற்கும் உணவு கெட்டுப்போகும்.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலை வெல்லத்தோடு ஊறவைத்துத் தரை துடைக்கும் நீர்மம் செய்வது பரவலாக இருக்கிறது: வெல்லம் ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து உள்ளே சேரும் வாயுவை வெளியேற்ற வேண்டும். நாங்கள் இறுக மூடிவிட்டு ஒரு கல்யாணத்துக்காகத் தேனிக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டோம். திரும்பிவந்தபோது பிளாஸ்டிக் பாட்டில் வெடித்துச் சாமான் அறை முழுவதும் வெல்லத் தண்ணீரும் எறும்புமாக இருந்தது. கீழ்த்தட்டில் இருந்த பத்துக் கிலோ அரிசி மூட்டையும் நனைந்து போயிற்று. அது கண்ணாடிப் பாட்டிலாக இருந்து யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. இப்போதும் செய்கிறோம், பிளாஸ்டிக் பாட்டிலில், கால் பங்கு வெற்றிடம் விட்டு. ஆனால் அதை வாஷ்பேசினுக்கும் தரைக்கும் அழுக்குப் போக்க மட்டும்தான் பயன்படுத்துகிறோம். காய்ச்சல் கண்டவர் இருந்த அறைக்கோ கழிப்பறைக்கோ கிருமி கொல்லியாக அதை நம்பக்கூடாது.

மாடித் தோட்டத்தில் தக்காளிக்கும் கத்தரிக்கும் போட்ட மண், தொட்டி, உரச் செலவை அந்தக் காய்கள் ஈடுகட்டவில்லை. கறிவேப்பிலை, புதினா, முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி ஆகிய நான்கும் ஈடுகட்டுகின்றன.

பழுது பார்ப்பதில் நானும் மகனும் நிறையக் கற்றுக்கொண்டோம். மின்விசிறி ஐந்தில் வைத்தாலும் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் அதன் கப்பாசிட்டர் தளர்ந்திருக்கும், 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும் அந்தச் சிறு டப்பாவை அதே அளவுக்கு மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏணியில் ஏறக்கூடாது. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மிக்ஸி ஜாரின் அடியில் கசிந்தால் கத்தித் தண்டைப் பிடித்திருக்கும் புஷ்ஷை மாற்ற வேண்டும், ஓடும்போது தீய்ந்த வாடையும் பொறியும் வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இதையெல்லாம் ஒரு முறை பழுது பார்ப்பவருக்குக் கூலி கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றோம். அந்தக் கூலி வீண் போகவில்லை.

சில வேலைகளில் கை வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். கேஸ் ரெகுலேட்டர், வீட்டு வயரிங், வாட்டர் ஹீட்டர், ஏசியின் கேஸ் ஆகிய நான்குக்கும் ஆள்தான் வர வேண்டும். அடுப்புக்கு வரும் சுரக்ஷா குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுகிறோம். குக்கரின் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் அந்தந்தக் கம்பெனிக்கு உரியதையே வாங்குகிறோம். நாற்பது ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை.

இப்போது எங்கள் வீட்டில் பேச்சு சூரிய மின்தகடு பற்றி. மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் இரண்டு கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000. ஒரு கிலோவாட் நாளுக்கு நான்கு யூனிட் அளவுக்குத் தரும். தெருவில் இரண்டு வீட்டில் போட்டுவிட்டார்கள். ஆயிரம் யூனிட் ஓடுகிற அந்த வீடுகளுக்கு அது சரி. 480 யூனிட்டில் நிற்கிற எங்களுக்கு, மானியம் போக 70,000 ரூபாய் போட்டால் அது திரும்ப ஏழெட்டு ஆண்டு ஆகும் என்று நான் கணக்கிட்டிருக்கிறேன். மகன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, தகட்டை வாரா வாரம் துடைக்க ஆகும் நேரத்தை மூன்றாவது பத்தியில் நான் எழுதவில்லை என்று காட்டினான். எழுதிவிட்டேன், யார் துடைப்பது என்ற இடம் இன்னும் காலியாக இருக்கிறது.